அடைப்புக்குறிக்குள் ஒரு சைபர்

வேல்விழியிடமிருந்து ஃபோன் வரவில்லை.

ஹாலில் டி.வி.க்குப் பக்கத்தில் இருந்த தொலைபேசியைச் சாரதாமணி காலையிலிருந்து கவனித்துக்கொண்டுதான் இருந்தாள். கவனிப்பது வேலைக்காரிக்குத் தெரிய வேண்டாம் என்று அவரைக்காயை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். காய் ஆய்ந்து முடிந்தது. பூண்டு உரித்தாள். அதுவும் முடிந்து, அந்த இடத்தில் உட்கார்ந்திருக்க இனி ஒரு காரணமும் இல்லாமல் போனது.

"சாரதா" என்று அறைக்குள்ளிருந்து ரத்தினசாமி கூப்பிட்டார். "வேலு பேசினாளா?"

"வண்டியில போயிட்டிருப்பாளாட்டங்க. போய்ச் சேந்துதானுங்களே பேசுவா."

"ம்."

இதய ஆபரேஷன் முடிந்து அவர் வீடு திரும்பி ஒரு மாதம்கூட ஆகவில்லை. மனசுக்குச் சிரமம் தருகிற எதையும் அவரிடம் கொண்டுபோகக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அவர் படுத்ததால்தான் இந்தப் பயணமே தலைகீழானது. ஜெர்மனியில், ஹாம்பர்க் நகரத்திலிருந்து சரக்கை மொத்தமாக வாங்கும் பையரைப் பார்க்க வருஷா வருஷம் அவர்தான் போவார். அவர்களுடைய பனியன் கம்பெனியில் ஓடும் வேலையில் பாதிக்கு மேல் அந்த ஒரு பையருடையது. இந்த வருஷம் அங்கே புது நிர்வாகம். அடுத்த சீசனுக்கு யாரிடம் வாங்குவது என்பதை நேரில் பேசிய பிறகுதான் முடிவு செய்வோம் என்று சொல்லிவிட்டார்கள். மகன் அருள்செல்வன் போவதாகத்தான் ஏற்பாடு. அப்பாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதும் கம்பெனியைப் பார்ப்பதுமாக அவனால் நகர முடியவில்லை.

கடைசியில் ரத்தினசாமியே சொன்னார். "வேல்விழி போகட்டும். நாலு வருஷமா அவங்ககூடப் பேசிட்டிருக்கறது அவதானே."

அது உண்மை. அருள்செல்வனைக் கல்யாணம் செய்துகொள்வதற்கு முன்னால் வேல்விழி அதே கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டு ஆர்டர்களுக்குப் பதில் எழுதுவதும் ஃபோனில் பேசுவதும் அவள் வேலை. அவளுடைய அம்மா ராமாயி அங்கேயே செக்கிங் பிரிவில், தைத்து வரும் பனியன்களில் ஓட்டை, கறை பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்தவள். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்த குடும்பம்.

கல்யாணமாகி எட்டு மாதம் ஆகிறது. சாரதாமணி மருமகளோடு நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. "அருளு, அந்தப் புள்ளையைச் சாப்பிடச் சொல்லு" என்பாள். அந்தப் புள்ளை எதிரிலேயே நின்றுகொண்டிருக்கும். நேற்று அவள் கிளம்பியபோதும் சென்னிமலைத் திருநீற்றை மகன் கையில்தான் கொடுத்தாள்.

தொலைபேசி அடித்தது. இரண்டாவது மணிக்குள் எடுத்துவிட்டாள்.

"அம்மா, நான்தானுங்க. அப்பா பக்கத்துல இருக்காருங்களா?" அருள்செல்வன் குரலைத் தாழ்த்திப் பேசினான்.

"உள்ள படுத்திருக்காரு. சொல்லு சாமி."

"ஹாம்பர்க்ல இருந்து மெயில் வந்திருக்குதுங்கம்மா. ஏர்போர்ட்டுக்குக் கார் அனுப்பினாங்களாம். அந்தப் பிளேன்ல வேலு வரலையாம்."

"வரலைன்னா?"

"எறங்கலீங்க. டிரைவரு அவ பேரு எழுதின அட்டையை வெச்சுட்டுக் கடைசி ஆளு வெளிய வர்ற வரைக்கும் நின்னு பாத்துட்டுத் திரும்பிட்டானாம்."

சாரதாமணி அறைக் கதவைப் பார்த்தாள். "அவ செல்லுக்குக் கூப்பிட்டயா?"

"காத்தால இருந்து கூப்பிடறேனுங்க. மொதல்ல சுவிட்ச் ஆஃப். இப்ப எல்லா இணைப்பும் உபயோகத்துல இருக்குதுன்னு அதையே சொல்லிட்டிருக்குது. நான் டிக்கெட் போட்ட டிராவல்ஸ்காரருகிட்டப் போறேன். அப்பாகிட்ட எதும் சொல்லிறாதீங்க."

*

ஃபிராங்பர்ட் விமான நிலையத்தில், கண்ணாடிச் சுவருக்குப் பக்கத்து நாற்காலியில் வேல்விழி உட்கார்ந்திருந்தாள். வெளியே மேகமும் தரையும் ஒரே நிறத்தில் இருந்தன.

விமானம் மாற வேண்டிய ஊர் அது. பாஸ்போர்ட் பார்க்கும் இடத்தில் நீண்ட வரிசை. அவள் முறை வந்தபோது அந்த அதிகாரி நிறையக் கேள்வி கேட்டார். எதற்கு வந்தாய், யார் அழைத்தது, பெட்டியில் ஏன் இத்தனை பனியன். எல்லாவற்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னாள். சொல்லி முடித்து, படியேறி, ஓடி, சரியான கேட்டைக் கண்டுபிடித்தபோது ஹாம்பர்க் விமானம் போய்விட்டிருந்தது.

கவுன்ட்டரில் இருந்த பெண் அடுத்த விமானத்துக்கு வேறு சீட்டு எழுதிக் கொடுத்தாள். அது கிளம்ப மதியத்துக்கு மேல் ஆகும்.

அதுவரை பயமில்லை. செல்போனை எடுத்து 'அருள்' என்ற பெயரை அழுத்தியபோதுதான் பயம் வந்தது. ஜெர்மன் மொழியில் ஒரு பெண் குரல் ஏதோ சொன்னது. பிறகு அதையே ஆங்கிலத்தில் சொன்னது: நீங்கள் அழைத்த எண் உபயோகத்தில் இல்லை.

வீட்டு நம்பரை அழுத்தினாள். அதே குரல். கம்பெனி. அதே குரல். அம்மா வீட்டுக்குப் பக்கத்து வீடு, டிரைவர் கன்னையன், அவளோடு வேலை பார்த்த கலைமகள், எல்லாரும் உபயோகத்தில் இல்லை. ஹாம்பர்க் பையர் ஆபீஸுக்குப் போட்டால் அதுவும் இல்லை.

கிளம்புவதற்கு முன்னால் இதையெல்லாம் அருள்செல்வன்தான் சரிசெய்து கொடுத்தான். வெளிநாட்டிலிருந்து கூப்பிட வேண்டுமென்றால் ஒவ்வொரு நம்பருக்கும் முன்னால் நம் நாட்டுக்கான +91 இருக்க வேண்டும். இருநூறுக்கும் மேலே பெயர்கள். ஒவ்வொன்றாக மாற்றினால் விடிந்துவிடும் என்று, செல்போனைக் கம்ப்யூட்டரோடு வயரில் இணைத்து, எல்லா நம்பருக்கும் ஒரே தட்டில் +91 போட்டுவிட்டான்.

"ஒருக்கா பாத்துரலாமாங்க?" என்று அவள் கேட்டாள்.

"என்ன பாக்கறது? பேரைத் தட்டினா நான் எடுக்கப் போறேன்" என்றான். முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

இப்போது திரையில் அவன் பெயருக்குக் கீழே நம்பர் தெரிந்தது. +91 இருந்தது. அதற்குப் பிறகு எப்போதும் இருக்கும் சைபர், அப்புறம் அவனுடைய நம்பர். எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது என்று நினைத்தாள். கம்பெனி சிம்மில் வெளிநாட்டு வசதியே வரவில்லையோ. யாரிடம் போய்க் கேட்பது. பொது டெலிபோன் ஒன்று தூரத்தில் இருந்தது. அதற்கு வேண்டிய காசு இல்லை. அவளிடம் இருந்ததெல்லாம் பெரிய நோட்டுகள்.

ஹாம்பர்க்கில் ஒருவன் அவள் பெயரைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பான். வராதவள் என்று அங்கே முடிவு கட்டிவிட்டால் அதற்கப்புறம் யாரோடு என்ன பேசுவது. மாமா படுக்கையிலிருந்து கையைத் தூக்கி ஆசீர்வாதம் செய்தது நினைவுக்கு வந்தது. சேம்பிள் பெட்டியைக் காலோடு சேர்த்து இழுத்துக்கொண்டு, மறுபடியும் முதல் பெயரிலிருந்து ஆரம்பித்தாள்.

*

டிராவல்ஸ் நடத்தும் கந்தப்பன், கம்ப்யூட்டர் திரையை அருள்செல்வன் பக்கம் திருப்பிவைத்தார்.

"இங்க பாருங்க தம்பி. சென்னையில ஏறியிருக்காங்க. அதுல சந்தேகமே இல்ல. மாறற எடத்துல ரெண்டாவது பிளேனை உட்டிருப்பாங்க. இது வாரத்துக்கு நாலு பேருக்கு நடக்கறதுங்க."

"அப்படின்னா ஃபோன் பண்ணியிருக்கணுமில்லீங்களா?"

"அதுதான் எனக்கும் புரியல." கந்தப்பன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ரோமிங் போட்டாச்சு. நானே கேட்டு உறுதி பண்ணினேன். நம்பருக்கெல்லாம் பிளஸ் தொண்ணூத்தி ஒண்ணு போட்டுட்டீங்களா?"

"எல்லாத்துக்கும் போட்டேனுங்க. ஒண்ணு உடாம."

"முன்னாடி இருக்கற சைபரை எடுத்துட்டுத்தானுங்களே போட்டீங்க?"

அருள்செல்வன் நெற்றியில் கையை வைத்துக்கொண்டான்.

போன வருஷம் வேல்விழி ஒரு கண்காட்சிக்காக டெல்லி போனாள். வெளி மாநிலத்திலிருந்து திருப்பூர் செல்போனைக் கூப்பிட முன்னால் சைபர் வேண்டும் என்பதால் எல்லாப் பெயருக்கும் சைபர் சேர்த்துக்கொண்டாள். திரும்பி வந்த பிறகும் அதை எடுக்கவில்லை. உள்ளூரிலும் அது வேலை செய்தது. அந்தச் சைபரின் தலையில்தான் அவன் +91-ஐக் கொண்டுபோய் வைத்திருந்தான்.

"அந்தச் சைபரு நாட்டுக்குள்ள மட்டும்தானுங்க. பிளஸ் தொண்ணூத்தி ஒண்ணோட அதும் சேந்து இருந்தா ஒரு நம்பரும் போகாது" என்றார் கந்தப்பன். "பையர் நம்பரு?"

"அதுக்கும் போட்டுட்டேனுங்க." சொல்லும்போதே அவனுக்குக் குரல் இறங்கியது. ஜெர்மனி நம்பருக்கு முன்னால் இந்தியாவின் எண்.

நம்பர்களை மாற்றிய அன்றைக்கு அவனுக்கு மனசு சரியில்லை. அப்பா தன்னைக் கூப்பிட்டு, தோளில் தட்டி, "நீ போயிட்டு வா" என்று சொல்வார் என்று அவன் பத்து வருஷமாக எதிர்பார்த்திருந்த வார்த்தையை வேல்விழிக்குச் சொல்லிவிட்டார். சொன்னதில் தப்பில்லை, அவள்தான் பொருத்தம் என்று எல்லாரிடமும் அவனே சொன்னான். ஆனால் அவள் அருகில் வந்து உட்கார்ந்து, ஒவ்வொரு நம்பராகச் சரிபார்க்கலாம் என்றபோது அந்த நேரத்தை அவளுக்குக் கொடுக்க அவனுக்கு மனம் வரவில்லை. சீக்கிரம் முடித்து எழுந்துவிட்டான்.

"அவளுக்கு இது தோணுமுங்களா?" என்று கேட்டான்.

"தோணலாம்" என்றார் கந்தப்பன். "அந்த ஏர்லைன் ஆபீஸுக்கு நான் ஒரு மெயில் போடறேன். நீங்க செல்லுக்கு முயற்சி பண்ணிட்டே இருங்க."

*

வாசலில் காரைத் துடைத்துக்கொண்டிருந்த டிரைவர் கன்னையன் உள்ளே வந்து தயங்கி நின்றான்.

"அம்மா, சின்னம்மாவோட அம்மா வந்திருக்காங்க. கேட்டுக்கு வெளியவே நிக்கிறாங்க. கூப்பிட்டா வரமாட்டேங்கறாங்க."

சாரதாமணி எழுந்து போனாள். ராமாயி கையில் சாப்பாட்டுப் பையோடு நின்றிருந்தாள். தலையிலும் தோளிலும் பஞ்சுத்தூசி. வேலையிலிருந்து நேராக வந்திருக்கிறாள்.

"புள்ள எறங்கிட்டாளாம்மா? பக்கத்து வீட்டு ஃபோனுக்குக் கூப்புடுறேன்னு சொல்லிட்டுப் போனா. மத்தியானம் வரைக்கும் தகவல் இல்ல. அதான் லீவு சொல்லிட்டு வந்துட்டேன்."

கணவரிடம் சொன்னதையே இவளிடமும் சொல்லியிருக்கலாம். சாரதாமணிக்கு வாய் வரவில்லை.

"உள்ள வாங்க."

"இல்லம்மா. இங்கனயே நிக்கிறேன். நீங்க சொன்னீகன்னா நான் பாட்டுக்குப் போயிருவேன்."

"இங்க நின்னா ஃபோனு மணி கேக்காதுங்க" என்றாள் சாரதாமணி.

அந்த வீட்டுக்குள் ராமாயி வருவது அதுதான் முதல் தடவை. தொலைபேசிக்குப் பக்கத்தில் இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டாள் சாரதாமணி. அறைக் கதவை மெல்லச் சாத்திவிட்டு வந்து, மெயில் வந்ததையும் கார் திரும்பிப் போனதையும் தணிந்த குரலில் சொன்னாள். ராமாயி அழவில்லை. சாப்பாட்டுப் பையின் காதை மட்டும் சுருட்டிச் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"அவளுக்கு இங்கிலீஷு நல்லா வரும்" என்றாள்.

"ஆமாங்க."

"நாங்க இந்த ஊருக்கு வந்த அன்னைக்கி பஸ் ஸ்டாண்டுல தொலைஞ்சு போனோம்மா. அவளுக்கு அப்ப பன்னெண்டு வயசு. தொலைஞ்சது நானு. கண்டுபுடிச்சுக் கூட்டிட்டுப் போனது அவ."

சாரதாமணி காபி கொண்டுவந்தாள். ராமாயி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். தொலைபேசி மேல் போர்த்தியிருந்த துணியின் ஓரத்தில் ஒரு நூல் பிரிந்து தொங்கியது. ராமாயியின் விரல் தானாகவே அதைத் தேடிப் போய்ப் பிடித்தது. பிறகு எங்கே இருக்கிறோம் என்று ஞாபகம் வந்தவளாக விட்டுவிட்டாள்.

"உங்க மககிட்ட நான் பேசறதில்லைங்கறது உங்களுக்குத் தெரியுமுங்களா?" என்று சாரதாமணி கேட்டாள். கேட்கலாம் என்று நினைத்திருக்கவில்லை. கேட்டுவிட்டாள்.

"தெரியும்மா. அவ சொல்லல. மாப்பிள்ளை சொன்னாரு."

"என் மேல கோபமில்லீங்களா?"

"நானே அவளோட ரெண்டு மாசம் பேசலையே. உங்க மேல எப்படிக் கோவப்பட?"

சாரதாமணி நிமிர்ந்து பார்த்தாள்.

"ஓனர் மகன் கழுத்துல மாலையப் போட்டுட்டு வந்து நின்னா, நான் மறுநா எப்படி அந்த டேபிளுக்கு வேலைக்குப் போறது? போனேன். கூட வேலை பாக்குறவளுக எந்திருச்சு வழி விட்டாளுக. ஒரே தூக்குல சாப்புட்டவளுகம்மா. சூப்பர்வைசர் வந்து நாற்காலி போடுறாரு. நின்னு பனியன் பாக்குற எடத்துல எனக்கு மட்டும் நாற்காலி. மூணாம் நாளு வேலைய விட்டுட்டேன். இப்ப வேற கம்பெனியில நிக்கிறேன். என் மகள எங்க குடுத்துருக்குன்னு அங்க யாருக்கும் தெரியாது." ராமாயி காபியைக் கீழே வைத்தாள். "உங்களுக்குப் புடிக்கலன்னு ஊருக்கே தெரியும். எங்களுக்கும் புடிக்கலன்னு யாரு வந்து கேட்டாக?"

ராமாயி வேலையை விட்டபோது சாரதாமணி வேறுமாதிரி நினைத்திருந்தாள். மகள் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்துவிட்டாள், இனி அம்மாவுக்கு எதற்கு வேலை என்று. அதை நாலு பேரிடம் சொல்லவும் சொல்லியிருந்தாள்.

"எனக்கு அது தெரியாதுங்க" என்றாள்.

இரண்டு பேரும் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

*

அழுத்தி அழுத்திச் செல்போனில் பாதி சார்ஜ் போய்விட்டது. வேல்விழி அதைக் கீழே வைத்துவிட்டுக் கைப்பையைத் திறந்து தேடினாள். பையர் ஆபீஸில் அவளோடு நாலு வருஷமாகக் கடிதப் போக்குவரத்து வைத்திருந்த உல்ரிக்கே என்ற பெண்மணி, மாமா போன வருஷம் போனபோது தன் விசிட்டிங் கார்டைக் கொடுத்தனுப்பியிருந்தாள். அதைப் பார்த்துக் கையால் நம்பரைப் போட்டுப் பார்க்கலாம்.

+49 (0) 40 என்று அந்த நம்பர் ஆரம்பித்தது.

அடைப்புக்குறிக்குள் சைபர். வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே அதைப் பற்றிச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அந்த நாட்டுக்குள் இருப்பவர்கள் சைபரைச் சேர்த்துப் போடுவார்கள். வெளியிலிருந்து கூப்பிடுகிறவர்கள் விட்டுவிட வேண்டும். திருப்பூர் ஆபீஸிலிருந்து ஆயிரம் தடவை அப்படித்தான் போட்டிருக்கிறாள்.

சைபரை விட்டுவிட்டுப் போட்டாள். மணி அடித்தது. சிம்மில் கோளாறு இல்லை.

அதே நொடியில் மற்றதும் புரிந்துவிட்டது. வெளியாள் இப்போது அவள்தான். திருப்பூர்தான் தூரத்து நாடு. சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. அதற்குள் மறுமுனையில் உல்ரிக்கே பேச ஆரம்பித்துவிட்டாள்.

விமானத்தைத் தவறவிட்டதைச் சொன்னதும் உல்ரிக்கே பெருமூச்சு விட்டாள். அடுத்த விமானத்துக்குக் கார் அனுப்புவதாகச் சொன்னாள். பிறகு சாதாரணமாக, நல்ல செய்தி சொல்கிற குரலில் இன்னொன்றும் சொன்னாள். அதைக் கேட்டு வேல்விழி எழுந்து நின்றுவிட்டாள்.

ஃபோனை வைத்ததும் அருள் நம்பரில் சைபரை அழித்தாள். லைன் பிஸி. மறுபடியும் பிஸி. வீட்டு நம்பரைத் திறந்து அதிலிருந்த சைபரையும் அழித்தாள்.

*

மணி அடித்ததும் இரண்டு கைகள் ஒரே சமயத்தில் நீண்டன. ராமாயி தன் கையை இழுத்துக்கொண்டாள்.

"அலோ."

"அத்தை, நான் வேல்விழி பேசறேனுங்க."

குரல் பக்கத்துத் தெருவிலிருந்து வருவதுபோல் இருந்தது.

"எங்க கண்ணு இருக்கற?"

ஒரு கணம் பதில் இல்லை. லைன் போய்விட்டதோ என்று சாரதாமணி பயந்தாள். பிறகு வேல்விழி எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். சாரதாமணி "ம், ம்" என்று கேட்டுக்கொண்டே ராமாயியைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். ராமாயி கண்ணை மூடித் திறந்தாள்.

"உங்கம்மா இங்கதான் இருக்காங்க. இந்தா, பேசு."

ராமாயி ஃபோனை வாங்கி, "சாப்டியாத்தா? குளுருதா?" என்று மட்டும் கேட்டாள். மகள் பேசப் பேசக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "உன்கிட்டதான் குடுக்கச் சொல்றாம்மா" என்று திருப்பிக் கொடுத்தாள். அவசரத்தில் 'உன்கிட்ட' என்றுவிட்டாள். இருவருமே அதைக் கவனிக்கவில்லை.

"அத்தை, அவரு பக்கத்துல இருக்காருங்களா?"

"இன்னும் வரல. உங்க மாமா உள்ள இருக்காரு. என்ன கண்ணு?"

"இப்ப பையர் ஆபீஸுல பேசினேனுங்க. உங்க கம்பெனி ஆளு ஒருத்தரு நேத்தே வந்துட்டாரு, எங்க எதுத்தாப்லதான் உக்காந்திருக்காருன்னு சொன்னாங்க. பேரு கேட்டேனுங்க. சிவசுப்பிரமணியம்னாங்க. நம்ம சின்ன மாமாதானுங்க, அத்தை."

சாரதாமணி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சிவசுப்பிரமணியம் ரத்தினசாமியின் கூடப் பிறந்த தம்பி. மூன்று வருஷத்துக்கு முன்னால் பாகம் பிரித்துக்கொண்டு தனியாகக் கம்பெனி போட்டவர். அதில் ஏற்பட்ட வருத்தமெல்லாம் அண்ணன் படுத்ததோடு கரைந்துபோனது. தினமும் சாயங்காலம் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அண்ணனுக்குக் கால் பிடித்துவிடுவார். வேல்விழி ஹாம்பர்க் போகப்போவதை ரத்தினசாமி அவரிடம்தான் முதலில் சொன்னார். நாலு நாளைக்கு முன்னால், மெஷின் பார்க்கப் பம்பாய் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர். சாரதாமணி தன் கையால் அவருக்கு இட்லி கட்டிக் கொடுத்திருந்தாள்.

"மாமாவுக்குத் தெரிய வேண்டாமுங்க அத்தை. அவருக்கும் இப்ப வேண்டாம். கேட்டதும் சின்ன மாமா ஊட்டுக்குச் சண்டைக்குப் போயிருவாரு. மாமா காதுக்கு வந்துரும். நான் போய் என்னன்னு பாத்துட்டுச் சொல்றேனுங்க."

"தனியா என்ன பண்ணுவ?"

"தெரியலீங்க. நம்ம பேரைச் சொல்லித்தான் உள்ள போயிருக்காரு. சேம்பிள் எல்லாம் என்கிட்டதான் இருக்குது."

ராமாயி எதிரில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சாரதாமணி குரலை இன்னும் தாழ்த்தினாள்.

"கேளு கண்ணு. அவரு உன்னையப் பாத்ததும் மொதல்ல கண்ணுல தண்ணி வெப்பாரு. அண்ணனுக்காகத்தான் வந்தேன்னு சொல்லுவாரு. பாகம் பிரிக்கறப்பவும் அப்படித்தான். நீ அதுக்கு மசிஞ்சறாத. அவரு இருக்கறப்ப சேம்பிள் பொட்டியத் தொறக்காத."

"சரிங்க அத்தை."

"எது ஆனாலும் எனக்குக் கூப்பிடு. எந்நேரமானாலும் நான் எடுப்பேன்."

*

அருள்செல்வன் செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்தான். மாமியார் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நின்றான். பிறகு அம்மாவைப் பார்த்தான்.

"பேசிட்டா சாமி. பிளேனை உட்டுட்டாளாம். அடுத்ததுல போறா. காரு வருதாம்."

அவன் சுவரில் சாய்ந்துகொண்டான். "என்ற தப்புதானுங்கம்மா. நான்தான் நம்பரைக் கெடுத்துட்டேன். திட்டினாளா?"

"திட்டலை. சைபரை எடுத்துட்டேன்னு சொல்லச் சொன்னா."

"வேற எதும் சொன்னாளா?"

"வேற ஒண்ணும் இல்ல. குளிருதாம்."

ராமாயி சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். சாரதாமணியின் முகத்தை ஒரு தடவை பார்த்தாள்.

"கன்னையன் கொண்டுபோய் உடுவான். இருங்க" என்றாள் சாரதாமணி.

"என்ன அங்க பேச்சு?" அறைக்குள்ளிருந்து ரத்தினசாமியின் குரல் வந்தது. "வேலு பேசினாளா?"

சாரதாமணி கதவைத் திறந்துகொண்டு போனாள். தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நல்லபடியாக இருக்கிறாள், இன்னும் சற்று நேரத்தில் ஹாம்பர்க் போய்விடுவாள் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்து அவள் பார்க்கவில்லை.

"நான் சொன்னேன் பாத்தியா, அவ சமாளிச்சுக்குவான்னு. நம்ம சிவசுகிட்டயும் சொல்லணும். பாவம், அவனும் என்னாச்சோ ஏதாச்சோன்னு நெனைச்சுட்டிருப்பான். நாலு நாளா ஆளைக் காணோம்."

"பொறவு சொல்லிக்கலாமுங்க. டாக்டர் ஃபோன்ல பேசக் கூடாதுன்னிருக்காரில்லீங்களா."

"ஒரு நிமிஷம்தான். பாம்பேக்குத்தானே." தலையணைக்கு அடியிலிருந்து தன் செல்போனை எடுத்துவிட்டார். தம்பியின் பெயர் எங்கே இருக்கிறது என்று அவர் விரலுக்குத் தெரியும்.

சாரதாமணி கட்டிலைச் சுற்றி அவர் பக்கம் வருவதற்குள் அவர் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டார். சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அது குறைந்து, புருவம் சுருங்கியது.

"சாரதா, இங்க வா. இது என்ன, மணி வேற மாதிரி அடிக்குது?"

அவள் குனிந்தாள். அவருடைய காதுக்கும் ஃபோனுக்கும் இடையில் அந்தச் சத்தம் அவளுக்கும் கேட்டது. இங்கே எப்போதும் இரண்டு இரண்டாக அடிக்கும் மணி. இது, அவர் ஹாம்பர்க் போயிருக்கும்போது கூப்பிட்டால் அடிக்குமே, அதுபோல் ஒற்றையாக, நீளமாக, வெகு நேரம் இடைவெளி விட்டு அடித்தது.

"பாம்பேல இப்படி அடிக்காதே" என்றார் ரத்தினசாமி.

அந்த முனையில் ஃபோனை எடுத்தார்கள்.